டீம் டீமாகப் போகும் ஆட்டக்காரன்: இது ஒரு வேலையா?

அன்புள்ள அம்மா,

பேஸ்பால் ஆடும் உங்கள் மகனைப் பற்றிய கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். "பெரிய ஸ்டாராக வேண்டும் என்று அவன் கேட்கவில்லை சார். பெஞ்சில் உட்கார்ந்தாலும் பரவாயில்லை, டீம் டீமாகப் போய்ப் பிழைத்துக்கொள்வேன் என்கிறான். இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேலைதான் அம்மா. அமெரிக்க பேஸ்பாலில் அதற்குப் பெயரே உண்டு, ஜர்னிமேன் என்பார்கள். தச்சு, கொல்லு வேலையைப் பழகி முடித்து, சொந்தப் பட்டறை இல்லாமல் நாள்கூலிக்குப் போனவர்களை அந்தக் காலத்தில் அப்படித்தான் அழைத்தார்கள். தொழில் தெரியும், ஆனால் நிலையான இடம் இல்லை. உங்கள் மகன் கேட்பது அந்த வாழ்க்கையைத்தான். பதினேழு வயதில் அதைத் தெரிந்து கேட்கிறான் என்றால் அவனை நான் மதிக்கிறேன்.

ராஜே டேவிஸ் என்ற அவுட்ஃபீல்டரின் (மைதானத்தின் வெளிப்பகுதியில் நின்று பந்து பிடிப்பவர்) கதையை அவனோடு உட்கார்ந்து படியுங்கள். கனெக்டிகட் மாநிலத்துக்காரர். 2001 டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்று சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், பிட்ஸ்பர்க் அணி அவரை எடுத்தது 38-வது சுற்றில். முதல்தர லீக்கான மேஜர் லீக்கில் கால் வைக்க 2006 ஆகிவிட்டது. மறு வருடமே சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு மாற்றிவிட்டார்கள். 2008-இல் அவர்களும் கைவிட, ஓக்லண்ட் எடுத்துக்கொண்டது. அப்புறம் டொரன்டோ, டெட்ராய்ட், கிளீவ்லாந்து, மறுபடி ஓக்லண்ட், பாஸ்டன், மறுபடி கிளீவ்லாந்து, கடைசியாக நியூயார்க் மெட்ஸ். 14 சீசன், 8 அணிகள். கால் வேகம்தான் அவர் மூலதனம். மொத்தம் 415 பேஸ் திருடினார், அதாவது பந்து அடிக்கப்படாமலேயே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்தார். அதில் 43, அவருடைய 35-வது வயதில், 2016 சீசனில் மட்டும் திருடியவை. அந்த வருடம் மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் அவர்தான் முதலிடம்.

அதே 2016-இல், மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், கிளீவ்லாந்து 4-6 என்று பின்தங்கி நிற்கிறது. எதிரே சிகாகோ கப்ஸ் அணியின் சாப்மன், உலகத்திலேயே வேகமாகப் பந்து எறிபவர்களில் ஒருவர். டேவிஸ் மட்டையின் கைப்பிடியில் கையை நன்றாக மேலே ஏற்றிப் பிடித்திருந்தார். பலத்தைவிட, பந்து மட்டையில் படுவது முக்கியம் என்று நினைக்கிறவர் பிடிக்கிற பிடி அது. பந்து இடதுபுறச் சுவரைத் தாண்டிவிட்டது. பேஸில் இன்னொருவரும் நின்றதால் இரண்டு ரன், ஆட்டம் சமன். கடைசியில் கிளீவ்லாந்து தோற்றது, ஆனால் அந்த அடியை அந்த ஊர் மறக்கவில்லை. அந்த வீடியோவில் பந்தைப் பார்க்காமல் அவர் கைப்பிடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, இப்போது கஷ்டமான பக்கம். டேவிஸ் நுழைந்த கதவு இன்று இல்லை. 2019 வரை டிராஃப்டில் 40 சுற்றுகள் இருந்தன, 2021-இலிருந்து 20 மட்டுமே. எடுக்கப்படாதவர்களும் தனியாக ஒப்பந்தம் போடலாம் என்றாலும், அணிகளின் கண்ணில் படுவதே பெரிய வேலை. மேஜர் லீக் அணிகளுக்குக் கீழே ஆட்டக்காரர்களை வளர்க்கும் மைனர் லீக் அணிகளையும் 120-ஆகக் குறைத்துவிட்டார்கள். அதனால்தான் பள்ளி முடித்ததும் டிராஃப்டை நம்பிக் காத்திருப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கல்லூரி முக்கியம். நான்கு வருடக் கல்லூரியில் சேர்ந்தால், பொதுவாக மூன்றாம் ஆண்டு முடியும்வரை அல்லது 21 வயது வரை டிராஃப்டில் எடுக்க மாட்டார்கள். அது உங்களுக்கு நல்லதுதான். பட்டத்தில் முக்கால்வாசி கையில் இருக்கும். இரண்டு வருட ஜூனியர் கல்லூரி என்றால் அந்தக் காத்திருப்பு இல்லை.

பணத்தைப் பற்றி அப்பா கேட்டிருந்தார். 2023 ஒப்பந்தப்படி மைனர் லீக்கின் மேல்படியான ட்ரிபிள்-ஏ ஆட்டக்காரருக்கு வருடத்துக்குக் குறைந்தது 35,800 டாலர், அதற்கு அடுத்த படியான டபுள்-ஏவில் 30,250. அதே வருடம் மேஜர் லீக்கில் குறைந்தபட்சச் சம்பளம் 7,20,000 டாலர். சீசன் சுமார் 186 நாள். கணக்குப் போட்டுப் பாருங்கள், மேலே பத்தே நாள் இருந்தால் கீழே ஒரு வருடம் வாங்குவது வந்துவிடும். நாள் கணக்குக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. மேஜர் லீக்கில் 43 நாள் சேர்ந்தால் ஓய்வூதியத் தகுதி வந்துவிடுகிறது. ஜர்னிமேன்கள் நாளை எண்ணிக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

ஆனால் அந்த நாள்களை எண்ணுவது வீட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். ஒரு சீசனில் ஐந்து முறைவரை மைனர் லீக்குக்குக் கீழே அனுப்பி மறுபடி கூப்பிடலாம். அனுப்பும் உரிமை மூன்று சீசனுக்குத்தான். அது தீர்ந்தபின் இடம் இல்லையென்றால் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். சில நாள்களுக்குள் வேறு ஊர், அல்லது வேலையே இல்லை. டேவிஸ் 2019-இல் எந்தப் பெரிய அணியோடும் சேராத லாங் ஐலண்ட் டக்ஸில் ஆடினார், 38 வயதில். மெட்ஸ் அவரை எடுத்துத் தன் மைனர் அணிக்கு அனுப்பியது. மே மாதம் பென்சில்வேனியாவில் இருந்தவருக்கு அழைப்பு வந்தது. வாடகைக் காரில் மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது ஆட்டம் தொடங்கிவிட்டிருந்தது. எட்டாவது இன்னிங்ஸில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி மூன்று ரன் தரும் ஹோம்ரன் (சுவரைத் தாண்டும் அடி) அடித்தார். இந்த வேலையின் சாரமே அதுதான் அம்மா. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஒரே பந்தில் தயாராக இருக்க வேண்டும். இது பயிற்சியால் வரும், ஆனால் எல்லோருக்கும் வராது.

ஓய்வு பெற்றபின் டேவிஸ் மேஜர் லீக் அலுவலகத்திலேயே வேலைக்குப் போய்விட்டார். கோச், ஸ்கவுட் (புது ஆட்டக்காரர்களைத் தேடுபவர்), வளர்ச்சிப் பிரிவு என்று பலருக்கும் அந்த வழி உண்டு. எட்டு டிரெஸ்ஸிங் ரூம்களில் பழகியவனுக்கு அங்கே மரியாதை அதிகம்.

உங்கள் மகனுக்கு இப்போது தேவை ஸ்டார் கோச்சிங் அல்ல. சென்டர் ஃபீல்டில் (வெளிப்பகுதியின் நடுவில்) மட்டும் நிற்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். நான்காவது அவுட்ஃபீல்டரை, அதாவது ஆடும் மூவருக்கு மாற்றாகப் பெஞ்சில் இருப்பவரை, எடுக்கிறவர்கள் மூன்று இடத்திலும் நிற்பவனைத்தான் எடுப்பார்கள். இந்தக் கோடையில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஆடச் சொல்லிக் கோச்சிடம் கேளுங்கள். 60 கஜ ஓட்ட நேரத்தை இரண்டு வெவ்வேறு நாளில் எடுத்து எழுதி வையுங்கள். அந்த எண்களோடும் பத்தாம், பதினோராம் வகுப்பு மதிப்பெண்களோடும் மறுபடி எழுதுங்கள், எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.