கந்தர், கடிதம்

வணக்கம் சார்,

ஃப்ரெண்ட்ஸ்ங்கிற அமெரிக்க டிவி காமெடி சீரிஸை முதல்ல இருந்து திரும்ப பார்த்து முடிச்சேன். அதுல வர்ற காபிக்கடை ஆளு கந்தரைப் (Gunther) பார்க்கப் பார்க்க பாவமா இருந்துச்சு. பத்து வருஷம் பின்னாடியே நின்ன மனுஷனுக்கு கடைசில ஒரே ஒரு சீன். மெயின் ரோல் பண்ணின அந்த ஆறு பேருக்கோ கடைசி ரெண்டு சீசன்ல எபிசோடுக்கு ஆளுக்கு 10 லட்சம் டாலர். இது அநியாயம் இல்லையா? அப்புறம் அந்த சிரிப்புச் சத்தம் உங்களுக்கு எரிச்சலா இல்லையா?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

கந்தர்னதும் ஏதோ முருகன் விஷயம்னு நெனச்சுத்தான் மெயிலைத் திறந்தேன். சிரிப்புச் சத்தம் பெரும்பாலும் செட்ல உக்காந்து நேர்ல பார்த்த ஜனங்களோடது, அதை விடுங்க. சம்பளம் ஆறு பேரும் ஒண்ணா நின்னு பேரம் பேசி வாங்கினது, எனக்கு அதுல வயித்தெரிச்சலே இல்ல. ஆனா 'பாவம்'னு எழுதினீங்க பாருங்க, அதுக்குத்தான் உங்களைத் திட்டணும்.

கந்தரா நடிச்சவர் பேர் ஜேம்ஸ் மைக்கேல் டைலர். காலேஜ்ல ஜியாலஜி படிச்சுட்டு அப்புறம் நாடகத்துல மாஸ்டர்ஸ் பண்ணி, கடைசில லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு காபிக்கடையில வேலை பார்த்துட்டு இருந்த ஆளு. செட்ல எஸ்ப்ரெஸ்ஸோ மெஷின் ஓட்டத் தெரிஞ்ச எக்ஸ்ட்ரா ஒருத்தர் வேணும்னு தேடினப்போ கிடைச்ச வாய்ப்பு அது. முதல் சீசன் முழுக்க வாயே திறக்கல. ரெண்டாவது சீசன்ல வந்த முதல் வசனம் 'யா', அவ்ளோதான். அந்த வெள்ளைத் தலைகூட, முடிக்கு கலர் அடிக்கப் பழகிட்டிருந்த ஃப்ரெண்டு ஒருத்தர் இவர் தலையில ட்ரையல் பார்த்ததுல வந்தது. அப்படியே ஷூட்டிங் போயிட்டார், அதுக்கப்புறம் சீரிஸ் முடியற வரைக்கும் விடாம ப்ளீச் பண்ண வேண்டியதாப் போச்சு.

1988ல திருச்சியில ஒரு அமெச்சூர் நாடகக் குழுவுல எனக்கு சர்வர் வேஷம். கல்யாணப் பந்தி சீன், வசனம் கிடையாது, சாம்பார் வாளியோட இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகணும். ரிகர்சல்ல டைரக்டர் கத்துறார், "வாளி காலின்னு உன் தோள் சொல்லுதுடா!" எனக்கு அழுகையே வந்துடுச்சு, டயலாக்கே இல்லாதவனுக்குத் திட்டு வேறயான்னு. மறுநாள் வாளியில முக்கால்வாசி தண்ணி ஊத்திக்கிட்டேன். தோள் தானா ஒரு பக்கம் இறங்குச்சு, இடது கை தானா வெளிய நீண்டுச்சு, நடை மாறுச்சு. நாடகத்தன்னிக்கு முன் வரிசையில ஒரு பெரியவர், ஹீரோ உருக்கமா பேசிட்டிருக்கும்போது, "தம்பி, இங்க ஒரு கரண்டி"ன்னார். ஹீரோ ஒரு வாரம் என்கூட பேசல.

டைலருக்கு அந்த வாளி நெறஞ்சே இருந்துச்சுங்க. சீரிஸ் ஹிட்டான பிறகும் சில வருஷம் அந்தக் காபிக்கடை வேலையை விடாம பார்த்திருக்கார். சீரிஸ்ல கந்தரோட கண்ணு, அவர் மனசுக்குள்ளயே காதலிக்கற ரேச்சல் மேல இருக்கும், கை மட்டும் கப்பைத் துடைச்சுக்கிட்டே இருக்கும், நிக்காது. அந்தக் கை இல்லேன்னா அது காபிக்கடையே இல்ல, ஆறு பேர் சோஃபால உக்காந்து வெட்டிக்கதை பேசற ஸ்டுடியோ. நீங்க என்னடான்னா ரேஷன் அரிசி அளக்கற மாதிரி சீன் எண்ணிக்கிட்டு இருக்கீங்க! 236 எபிசோடுல பாதிக்கு மேல அந்த ஆள் நிக்கிறார். அதுல எத்தனை தடவை அவர் கையைப் பார்த்தீங்க?

உங்க மனசு நல்ல மனசுதான், ஆர்., இல்லேன்னா எழுதியிருக்க மாட்டீங்க. 2021 மே மாசம் நடிச்சவங்க எல்லாம் திரும்பச் சேர்ந்த ரீயூனியன் நிகழ்ச்சி வந்துச்சே, அதுல ஜூம்ல சிரிச்சுக்கிட்டே வந்தார். புற்றுநோய்னு ஜூன்லதான் வெளிய சொன்னார். நிகழ்ச்சி சோகமாயிடக் கூடாதுன்னுதான் நேர்ல வராம ஸ்க்ரீன்லயே நின்னுக்கிட்டாராம். அக்டோபர் 24ம் தேதி போயிட்டார், 59 வயசு.

இன்னிக்கு ராத்திரி ஏதாவது ஒரு எபிசோடைப் போட்டு சவுண்டை மியூட் பண்ணிடுங்க. சோஃபா பக்கம் பார்க்காதீங்க.