வாசகர் கேள்வி – பதில்: ஒரு கூட்டில் பதினொரு எலிக்குஞ்சுகள்

கேள்வி: தரம் 7இல் படிக்கும் மகனுக்காக இரண்டு வெள்ளைச் சுண்டெலிகளை வாங்கினோம். இரண்டும் பெண் என்று கூறியே கடையில் தந்தார்கள். இன்று காலை கூட்டுக்குள் பதினொரு குஞ்சுகள் கிடக்கின்றன. பிள்ளையாரின் வாகனத்தைக் கொல்லக்கூடாது, பின்வளவில் கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார் மாமியார். மகன் அழுகிறான். நாங்கள் என்ன செய்வது?
– வாசகி, கொக்குவில்

பதில்: உங்கள் கடிதம் கிடைத்தவுடன் தொலைபேசியில் அழைத்து, ஆண் எலியை அன்றைக்கே வேறு பெட்டிக்கு மாற்றும்படி கூறியிருந்தேன். அதற்கான காரணத்தை ஏனைய வாசகர்களுக்காகவும் இங்கே விரிவாக எழுதுகிறேன். சுண்டெலியின் கர்ப்பகாலம் 19 முதல் 21 நாட்கள்தான். அதுமட்டுமன்றி, குஞ்சு ஈன்ற 24 மணித்தியாலத்துக்குள்ளேயே தாய் மீண்டும் சினைப்பட்டுவிடலாம். கடிதம் என் கைக்கு வந்து சேர மூன்று நாட்கள் சென்றுவிட்டபடியால், உங்கள் எலி இரண்டாவது ஈற்றுக்கும் ஆயத்தமாகிவிட்டது என்று எண்ணிக்கொள்வதே பாதுகாப்பானது. பாலூட்டிக்கொண்டிருக்கும் தாய்க்கு அந்த ஈற்று சில நாட்கள் பிந்தக்கூடும். கடைக்காரரும் வேண்டுமென்று ஏமாற்றியிருக்க மாட்டார். இளம் ஆண் எலி விதைகளை உடலுக்குள் இழுத்துக்கொள்ளும் வேளையில் பழகிய கண்ணும் தவறிவிடும்.

முதற் கிழமையில் தாய்க்கு வேண்டியது அமைதியே. அடிக்கடி கூட்டைத் திறந்து பார்த்தாலோ, படுக்கையை முழுவதுமாக மாற்றினாலோ, தாய் கலவரமடைந்து தன் குஞ்சுகளையே கடித்துவிடக்கூடும். ஆகவே நனைந்த பகுதியை மாத்திரம் அகற்றிவிட்டு, கிழித்த வெள்ளைக் கடதாசியைத் தாராளமாகப் போடுங்கள். வாசல் வெட்டிய சிரட்டையொன்றைக் கவிழ்த்து வைத்தால் அதற்குள் கூடு கட்டிக்கொள்ளும். குஞ்சுகளைப் பார்த்தே ஆகவேண்டுமென்றால், தாய் உண்ண வெளியே வரும் நேரத்தில், கூட்டின் பழைய படுக்கையில் கையைத் தேய்த்துக்கொண்டு, ஒரு நிமிடம் மட்டும் பாருங்கள். உரோமமின்றி, சிவந்து, கண்மூடிக் கிடக்கும் அந்தக் குஞ்சின் வயிற்றில், இடது பக்கத்தில், தோலுக்கு அடியில் அரிசி மணிபோல ஒரு வெள்ளைப் பொட்டு தெரியும். அதுதான் குடித்த பால். எல்லாக் குஞ்சுகளிடமும் அந்தப் பொட்டு இருந்தால் நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

வழக்கமான தானியத்தோடு அவித்த முட்டையில் சிறு துண்டும், ஊறவைத்த பயறும் தாய்க்குக் கொடுங்கள். தண்ணீர் ஒருபோதும் தீரக்கூடாது. நமது ஊரில் இன்னுமொரு ஆபத்து உண்டு: எறும்பு. கூட்டை ஒரு சிறு மேசையில் வைத்து, மேசைக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களுக்குள் நிறுத்திவிடுங்கள். தகரக் கூரையின் கீழும், சோளகக் காற்று நேரே அடிக்கும் யன்னலோரத்திலும் கூட்டை வைக்க வேண்டாம்.

குஞ்சுகளுக்கு இரண்டு கிழமையளவில் கண் திறக்கும். மூன்று கிழமையில் பால் மறக்கும். பத்தாம் நாளளவில், வயிற்றில் உரோமம் அடர்த்தியாவதற்கு முன்னர், பெண் குஞ்சுகளின் முலைக்காம்புகள் சிறு புள்ளிகளாகத் தெரியும். ஆண் குஞ்சுகளிடம் அவை தெரியாது. குதத்துக்கும் குறிக்கும் இடையிலான தூரமும் ஆணுக்குக் கூடுதலாக இருக்கும். ஆண்களைத் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் பிரிப்பதை 28ஆம் நாளுக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். இதைத் தவறவிட்டால், இந்தப் பெண் குஞ்சுகளே ஒன்பது பத்துக் கிழமைக்குள் ஈன்று, வீட்டிலுள்ள தொகை ஐம்பதைத் தாண்டிவிடும். பெண்கள் கூட்டமாக ஒற்றுமையாய் வாழும். ஆண்களோ வளர்ந்தபின் ஒன்றையொன்று கடித்துக் காயப்படுத்தும்.

மாமியாரின் இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கூட்டிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளை எலி, காகமும் பூனையும் சாரைப்பாம்பும் உலாவும் வளவில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்காது. அதனை வெளியே விடுவதும் கொல்வதும் ஒன்றேதான். மகனின் நண்பர்களிடம் இன்றே கேட்கத் தொடங்குங்கள். பெண்களைச் சோடியாகக் கொடுங்கள். 2024 டிசெம்பரில் இங்கே எலிக்காய்ச்சல் பரவியதை மறக்காத பெற்றோர் தயங்கத்தான் செய்வார்கள். அந்நோய் தொற்றுள்ள விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரினாலும் சேற்றினாலும் பரவுகிறது. ஆகவே வெளி எலி உங்கள் கூட்டையோ தீனியையோ அணுகாதபடி காத்து, தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவினால் ஆபத்து மிகவும் குறைவு என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

கேள்வி: தாய் எலி இறந்துவிட்டது. பத்து நாள் வயதுடைய நான்கு குஞ்சுகளைக் காப்பாற்ற முடியுமா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: ஒரு கிழமைக்கு உட்பட்டவை என்றால் நம்பிக்கை மிகக் குறைவு, பத்து நாளென்றால் முயன்று பார்க்கலாம். யாரிடமாவது பாலூட்டும் வேறொரு எலி இருந்தால் அதனிடம் சேர்ப்பதே மிகச் சிறந்த வழி. இல்லையேல், வெந்நீர்ப் போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, பூனைக்குட்டிகளுக்கான பால்மாவை இளஞ்சூட்டில் கரைத்து, மெல்லிய ஓவியத் தூரிகையின் நுனியில் தோய்த்து, இரவிலும் இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை நக்கக் கொடுங்கள். வாய்க்குள் பீச்சினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். பசுப்பால் வயிற்றைக் கழியச் செய்யும். ஒவ்வொரு முறையும் பால் கொடுத்தபின், ஈரப் பஞ்சினால் அடிவயிற்றை மெதுவாகத் தடவிவிட்டால்தான் குஞ்சு சிறுநீர் கழிக்கும். தாய் நாவினால் நக்கிச் செய்யும் வேலை அது. கண் திறந்தபின், அதே பாலில் ஊறவைத்த பாண் துண்டைச் சிறு மூடியொன்றில் வையுங்கள்.