தொப்பி ஊசியின் முனையில் மாட்டியிருக்கும் சிறு குழல் எதற்கு? அணியும்போது அது அவசியமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: இங்கிலாந்தில் ஒரு பழம்பொருள் கடையில் வெள்ளித் தலை வைத்த நீளமான தொப்பி ஊசி ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள், அதன் கூர்முனையில் ஒரு சிறு உலோகக் குழல் செருகப்பட்டிருக்கிறது, இழுத்தால் வரவில்லை. அது ஊசியின் பகுதியா, தனிப் பொருளா, ஒரு திருமணத்துக்கு அந்த ஊசியை அணிந்து செல்ல வேண்டுமானால் குழலும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது தனிப் பொருள்தான். தொப்பி ஊசி என்பது தொப்பியைக் கூந்தலோடு சேர்த்துக் குத்தி நிறுத்தும் நீள ஊசி. தொப்பியின் மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனை யாரையும் குத்திவிடாமல் இருக்க மாட்டப்படும் முனைக்காப்பு அது. ஊசியை அணிவதாக இருந்தால் அதுவும் கட்டாயம் வேண்டும். நான் இங்கிலாந்தின் மேற்கு யார்க்ஷயரில் வசிக்கிறேன். இங்குள்ள பழம்பொருள் சந்தைகளில் தொப்பி ஊசிகளைத் தேடி வாங்கிச் சேர்ப்பது என் பழக்கம். அந்தப் பழக்கத்தில் கவனித்தது என்னவென்றால், ஊசிகள் எளிதாகக் கிடைக்கின்றன, முனைக்காப்புகள் அப்படிக் கிடைப்பதில்லை. கடுகைச் சற்றுப் பெரிதாக்கியதுபோல் இருக்கும் ஒரு பொருள் நூறு ஆண்டுகளுக்கு மேல் தொலையாமல் தன் ஊசியோடேயே இருப்பது அரிது. ஆகவே உங்களுடையதைப் பலவந்தமாகப் பிடுங்கி உடைத்துவிட வேண்டாம்.

முதலில் கழற்றும் வழியைச் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால் குழலின் மேல் தனியே நகரக்கூடிய வளையமோ, நுனியில் ஒரு சிறு குமிழோ தெரியலாம். இருந்தால், அதைப் பிடித்து இழுக்கும்போதுதான் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்து ஊசியை விடும். குழலின் உடலைப் பிடித்து இழுத்தால் பிடி மேலும் இறுகும். அப்படி நகரும் உறுப்பு எதுவும் இல்லையென்றால் உள்ளே ஒரு வளைந்த தகடு மட்டுமே இருக்கக்கூடும், அது துருவால் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஊசியின் தலை மேலே இருக்குமாறு செங்குத்தாகப் பிடித்து, தண்டு வழியாகத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி குழலின் வாய்க்குள் இறங்கும்படி விட்டு, இரவு முழுவதும் அப்படியே நிறுத்தி வையுங்கள். மறுநாள் தண்டைத் தோல் துண்டு சுற்றிய குறடால் குழலுக்கு அருகிலேயே பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் இழுங்கள். முறுக்கக் கூடாது, துருப்பிடித்த எஃகுத் தண்டு முறுக்கினால் ஒடிந்துவிடும். சூடு காட்டுவதும் வேண்டாம், தலையிலுள்ள எனாமலும் பற்றவைத்த இணைப்பும் கெட்டுவிடும்.

இவ்வளவு சின்னப் பொருளுக்குள் எதற்கு ஸ்பிரிங்கும் பிடியும் என்று தோன்றலாம். நம் வீட்டுக் கம்மலுக்குத் திருகாணி என்ன வேலை செய்கிறதோ, ஏறக்குறைய அதே வேலையை இது தொப்பி ஊசிக்குச் செய்கிறது. ஆனால் கம்மலின் தண்டில் மரை இருக்கிறது, தொப்பி ஊசியில் மரை வைக்க முடியாது. மரை வைத்தால் ஒவ்வொரு முறை குத்தும்போதும் தொப்பியின் பட்டுத் துணியையும் வைக்கோல் பின்னலையும் அது கிழித்துவிடும். எனவே வழவழப்பான, நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும் ஒரு கம்பியை, கண்ணாடி பார்க்காமலே சில நொடிகளில் மாட்டவும் கழற்றவும் கூடிய ஒரு மூடி விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். சிக்கல் அந்த மெலிவில்தான் இருக்கிறது. மெலியும் பகுதியின் மேல் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தாலும் அந்த அழுத்தமே மூடியை நுனிப் பக்கமாகத் தள்ளிக் கழற்றிவிடும். ஆகவே நல்ல முனைக்காப்பின் குழல், மெலிவு முடிந்து தண்டு ஒரே பருமனாக ஆகும் இடத்தைத் தாண்டிச் சென்று அங்கே பிடிக்கும் அளவுக்கு ஆழமாக இருக்க வேண்டும். மலிவாகச் செய்யப்பட்டவற்றில் இந்த ஆழம் இருக்காது. அவை தெருவில் விழுந்து தொலைந்துபோனதில் வியப்பில்லை.

நான் பார்த்தவற்றுள் மிக எளியது, உள்ளே ஒரு வளைந்த தகட்டை வைத்த குழல். அடுத்து, உள்ளே கார்க் அல்லது ரப்பர் அடைத்தவை. ஊசித் தலைக்குப் பொருத்தமான அலங்காரத்தோடு வந்தவையும், தொலையாமல் இருப்பதற்காக மெல்லிய சங்கிலியால் ஊசித் தலையோடு இணைக்கப்பட்டவையும் உண்டு. வேலைப்பாட்டில் எனக்குப் பிடித்தது ஸ்பிரிங் பிடி வைத்ததுதான். இன்றும் கோட்டில் குத்தும் ஊசிகளுக்கு அதே அமைப்பில் மூடி செய்கிறார்கள் என்பதே அதற்கு நற்சான்று. இவை எதையும் வாங்க வசதியில்லாத பெண்கள் ஒரு கார்க் துண்டையோ உருளைக்கிழங்குத் துண்டையோ முனையில் குத்தி வைத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

உருளைக்கிழங்கைக் குத்திக்கொண்டாவது போக வேண்டிய அளவுக்கு என்ன கட்டாயம் என்பதற்கு, அந்தக் காலத் தொப்பி எப்படித் தலையில் நின்றது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாடாவால் தாடைக்குக் கீழே கட்டும் பழைய தொப்பிகள் 1880-களில் வழக்கொழியத் தொடங்கியபோது, கட்டில்லாத தொப்பிகளை நிறுத்தி வைக்க ஊசி தேவைப்பட்டது. அடுத்த முப்பது ஆண்டுகளில் கூந்தல் அலங்காரம் பெருத்துக்கொண்டே போயிற்று. சீப்பில் உதிர்ந்த முடியைச் சேர்த்துத் திண்டுபோல் உருட்டி உள்ளே வைத்து மேலே சொந்தக் கூந்தலை வாரி மூடுவார்கள். தொப்பி அந்த மேட்டின் மேல் உட்காரும், தலையைத் தொடவே தொடாது. 1907-இல் லண்டன் மேடையில் 'தி மெர்ரி விடோ' நாடகத்தில் லில்லி எல்சி அணிந்த அகன்ற விளிம்புத் தொப்பி பெரும் மோகத்தைக் கிளப்பிய பின்பு, தொப்பியின் அகலம் தோளையே மறைக்கும் அளவுக்கு வந்தது. இத்தகைய தொப்பியை ஒரு பக்கம் நுழைந்து கூந்தல் மேட்டை ஊடுருவி மறுபக்கம் வெளிவரும் ஊசி ஒன்றால் நிறுத்த முடியாது. இரண்டு மூன்று வேண்டும். நீளம் எட்டு அங்குலம் முதல் பன்னிரண்டு அங்குலம் வரை போகும். பெரிய தொப்பிக்கு வாங்கிய ஊசியைச் சிறிய தொப்பிக்கும் குத்தும்போது மிச்ச நீளம் முழுவதும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

இப்போது அப்படி ஊசி குத்திய ஒரு பெண் நெரிசலான டிராமில் நிற்பதாக நினைத்துப் பாருங்கள். முனை கிடைமட்டமாக நிற்கிறது. அதன் உயரம் பக்கத்தில் நிற்பவரின் கண்ணும் கன்னமும் இருக்கும் உயரம். யாரோ கூப்பிட அவள் தலையைத் திருப்பினால், ஊசி முனை வில் வடிவப் பாதையில் வீசுகிறது, அவளுக்கோ பின்னால் என்ன நடந்தது என்பதே தெரியாது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வராத அந்தக் காலத்தில் முகத்தில் ஏற்பட்ட ஒரு சிறு குத்துக்காயம் சீழ் வைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

ஆகவே சட்டங்கள் வந்தன. சிகாகோ நகர மன்றம் 1910 மார்ச் மாதம் இயற்றிய ஆணை, ஊசியின் முனை தொப்பியின் மேற்பகுதியைத் தாண்டி அரை அங்குலத்துக்கு மேல் நீளக் கூடாது என்றும், மீறினால் 50 டாலர் வரை அபராதம் என்றும் சொன்னது. ஜெர்மன் நகரங்களில், முனை மூடாத தொப்பி ஊசியோடு பெண்கள் டிராமில் ஏறக்கூடாது என்று எழுதிய எனாமல் பலகைகளை வண்டிகளுக்குள் மாட்டி வைத்தார்கள். அந்தப் பலகைகளை இன்றும் சேகரிப்பாளர்கள் விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1912 வாக்கில் சிட்னியில் வழக்குகள் தொடரப்பட்டன. அபராதம் கட்ட மறுத்த பெண்களும் இருந்தார்கள்.

இந்த மறுப்பைப் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1903 மே மாதம், கான்சாஸ் மாநிலத்திலிருந்து நியூயார்க் வந்திருந்த லியோட்டி பிளேக்கர் என்ற இளம்பெண், ஐந்தாம் அவென்யூவில் ஓடிய குதிரை வண்டியில் தன்மேல் சாய்ந்து கைபோட்ட ஓர் ஆணின் கையில் தொப்பி ஊசியை இறக்கினார். செய்தித்தாள்கள் அவரைக் கொண்டாடின. தனியாக வேலைக்குப் போகவும் ஊர் சுற்றவும் தொடங்கியிருந்த பெண்களுக்கு அந்த ஊசி கையிலிருந்த ஒரே ஆயுதம். சிகாகோவில் ஆணை விவாதிக்கப்பட்டபோது, ஊசியைப் பறிக்க விரும்பும் ஆண்கள் முதலில் தெருக்களைப் பாதுகாப்பாக ஆக்கட்டும் என்று ஒரு பெண் வாதிட்டதும் பதிவாகியிருக்கிறது. அவர் சொன்னதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் தற்காப்புக்காகக் கையில் எடுக்கும் ஊசி வேறு, கவனிக்காமல் அடுத்தவர் கண்ணுக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கும் ஊசி வேறு. முன்னதை ஒடுக்க விரும்பியவர்கள் பின்னதைக் காரணம் காட்டினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நீளத்தைக் கட்டுப்படுத்திய சட்டங்களை விட, முனையை மூடச் சொன்ன சட்டங்கள் அறிவுள்ளவை. மூடியை உருவினால் ஊசி மறுபடி ஊசியாகிவிடுகிறது. பெண் எதையும் இழக்கவில்லை, பக்கத்தில் நிற்பவரும் கண்ணை இழக்கவில்லை.

முனைக்காப்பு செய்யும் தொழில் இந்தச் சட்டங்களை ஒட்டியே சூடுபிடித்தது. ஆனால் அது நீடிக்கவில்லை. முதல் உலகப் போர் உலோகத்தையும் ஆடம்பரத்தையும் சுருக்கியது. 1920-களில் பெண்கள் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு, தலையோடு ஒட்டிய மணி வடிவத் தொப்பிகளை அணியத் தொடங்கினார்கள். ஊசி ஊடுருவக் கூந்தலே இல்லை.

உங்கள் ஊசியின் தலையில் வெள்ளி முத்திரை, அதாவது வெள்ளியின் தரத்தைச் சோதித்துப் பொறித்த குறி, இருக்கிறதா என்று பாருங்கள். 'சி.எச்.' என்ற ஆங்கில எழுத்துகளோடு, ஒரு வாளும் மூன்று கோதுமைக் கட்டுகளும் கொண்ட செஸ்டர் நகர முத்திரை இருந்தால், அது பெரும்பாலும் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் நகரின் சார்ல்ஸ் ஹார்னர் நிறுவனத்தின் வேலை. தொப்பி ஊசிகளில் அதிகம் தேடப்படும் பெயர்களில் அதுவும் ஒன்று. தலையில் மட்டும் வெள்ளி இருக்கும், தண்டு எஃகு. குழலில் முத்திரை இல்லையென்றால் அது பின்னர் வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்ததாக இருக்கலாம், அதனால் அதன் பயன் குறையாது.

திருமணத்துக்கு அணியும்போது ஊசியைத் தொப்பியின் பக்கவாட்டில் குத்தி, தலைத்தோலுக்கு அருகே, அதைத் தொடாமல், கூந்தலின் அடர்ந்த பகுதி வழியாகச் செலுத்தி மறுபக்கம் வெளியே கொண்டுவாருங்கள். முனைக்காப்பை மாட்டும்போது மற்றொரு கையால் ஊசியின் தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் நீங்கள் காப்பைத் தள்ளத் தள்ள ஊசி வந்த வழியே திரும்பி வெளியேறும். தொப்பியைச் சரிசெய்யும்போது ஊசியைப் பற்களுக்கிடையே கவ்விக்கொள்ளும் வழக்கம் வேண்டவே வேண்டாம். முக்காட்டு ஊசியை அப்படிக் கவ்வியிருந்த இளம்பெண்கள் பேசும்போதோ சிரிக்கும்போதோ அதை மூச்சுக்குழலுக்குள் இழுத்துக்கொண்ட நிகழ்வுகளைத் துருக்கி, எகிப்து மருத்துவர்கள் பல முறை பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் கூந்தல் குட்டையானது என்றால் ஊசி பிடிக்காது, தொப்பிக்குள் எலாஸ்டிக் தைத்துக்கொண்டு ஊசியை அலங்காரத்துக்கு மட்டும் குத்திக்கொள்ளுங்கள். அப்போதும் காப்பு வேண்டும்.

எடுத்து வைக்கும்போது மட்டும் காப்பைக் கழற்றிவிடுவது நல்லது, குறிப்பாக உள்ளே கார்க் இருந்தால். கார்க் ஈரத்தைப் பிடித்து வைத்து முனையைத் துருவேற்றும்; பழைய ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். முனைக்குப் பாலிஎத்திலீன் நுரைத் துண்டு ஒன்று போதும். உள் ஸ்பிரிங் செத்துப்போயிருந்து புதிய காப்பு வாங்க நேர்ந்தால், முதலில் வெர்னியர் காலிப்பரால் தண்டின் பருமனை மெலிவு முடியும் இடத்தில் அளந்துகொள்ளுங்கள். பழைய தண்டுகள் எல்லாம் ஒரே பருமனில் இருப்பதில்லை, கடையில் கிடைக்கும் காப்புகளோ பெரும்பாலும் மெல்லிய கோட்டு ஊசிகளுக்காகச் செய்யப்பட்டவை. பழைய காப்பைத் தூக்கி எறியாமல் ஊசியோடு ஒரே பெட்டியில் போட்டு வையுங்கள்.