குடும்ப ஆலோசனைக்கு யாரையெல்லாம் அழைத்துப் போவது?

‘குடும்பத்தோடு வாங்க’ என்று ஆலோசகர் சொல்லிவிட்டார். அம்மா இல்லை, அப்பா துபாயில், வளர்த்தது பெரியம்மா, யாரைக் கூட்டிப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரியம்மாவை அவசியம் கூட்டிப் போங்கள். அப்பா வீடியோ காலில் வரட்டும். நாங்கள் அதற்கெல்லாம் பழகிவிட்டோம்.

நான் குடும்ப ஆலோசகராக இருக்கிறேன். பெரும்பாலும் முதல் நாளே ஜீனோகிராம் என்ற குடும்ப உறவுப் படம் வரைவோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், ஒரே வீட்டில் இருப்பவர்களைச் சுற்றி ஒரு கோடு. ரத்த உறவையும் தாலி உறவையும் மட்டும் வைத்து வரைந்தால், பல வீடுகளில் முக்கியமான ஆளே விடுபட்டுப் போவார். பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்த ஒரு பையன் வந்திருந்தான் (அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன்). அம்மாவும் அப்பாவும் சொல்லச் சொல்ல வரைந்து முடித்தேன். அவன் பேனாவை வாங்கி, கோட்டுக்கு வெளியே ஒரு வட்டம் போட்டு, “இது மாடி வீட்டு ஆயா” என்றான். காலையில் இருவரும் வேலைக்குக் கிளம்பிய பிறகு அவனுக்கு இட்லி ஊட்டி, வேன் ஏற்றிவிட்டவர் அவர்தான். ஆயா தன் மகன் வீட்டோடு போய்விட்ட பிறகுதான் பையன் முரண்டு பிடிக்க ஆரம்பித்திருக்கிறான். ‘பக்கத்து வீட்டுக்காரங்கதானே’ என்று பெற்றோர் அவரைப் பற்றிச் சொல்லவே இல்லை.

சட்டமே இந்தப் பக்கம் நகர்ந்து வருகிறது. கணவருடைய முதல் திருமணத்துக் குழந்தைகளுக்காக விடுப்பு எடுத்திருந்தார் என்று சொல்லி, சண்டிகரில் ஒரு செவிலியருக்குத் தன் சொந்தக் குழந்தைக்கான மகப்பேறு விடுப்பை மறுத்தார்கள். 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மறுமணம், தத்து, தனியாக வளர்க்கும் பெற்றோர், மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்கள், தன்பாலின இணையர் என எந்த வடிவில் இருந்தாலும் அந்தக் குடும்பங்களுக்கும் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்றது. குடும்பம் அமைய திருமணம் மட்டுமே வழி அல்ல என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது.

அதனால் ரேஷன் கார்டைப் பார்த்து ஆள் சேர்க்காதீர்கள். உங்களுக்கு உடம்பு சரியில்லை என்றால் யார் ராத்திரி கண் விழிப்பார்கள், யார் சொன்னால் வீட்டில் எடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். அவர்கள்தான் வர வேண்டும். உடன் வாழும் துணை இருந்து, வீட்டுக்கு இன்னும் தெரியாது என்றால், முதலில் ஆலோசகரிடம் தனியாகப் பேசுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். வருபவர்களில் யாராவது அடிப்பவர், மிரட்டுபவர் என்றால், அதையும் முன்கூட்டியே போனில் சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவரோடு சேர்த்து உட்கார வைக்காமல் தனித்தனியாகப் பேசுவார்கள்.