டாக்டர் பதில்கள்: குடலிறக்க அறுவைக்குப் பின் சிறுநீர் அடைப்பு

கேள்வி: என் தந்தைக்கு 66 வயது. காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சென்ற மாதம் சேலத்தில், முதுகில் ஊசி போட்டு, வலப்பக்கக் குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்து வலை வைத்தார்கள். மறுநாள் காலை ‘சிறுநீர் கொஞ்சம் போனது’ என்று அவர் சொன்னதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பகல் முழுவதும் சொட்டுச் சொட்டாகத்தான் போனது. நீர்ச்சுருக்கு என்று நினைத்து இரண்டு இளநீரும் நிறைய மோரும் கொடுத்தோம். இரவில் அடிவயிறு கல்போல இறுகி வலியில் துடித்தவரை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுபோனோம். டியூப் போட்டதும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வந்தது. மூன்று நாளில் டியூபை எடுத்துவிட்டார்கள். இப்போது டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடுகிறார். அறுவையில் தவறு நேர்ந்ததா? இடப்பக்கக் குடலிறக்கத்தையும் சரிசெய்ய வேண்டும் என்கிறார்கள்; மறுபடியும் இப்படி ஆகுமா?
— ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் தையலிலோ வலையிலோ பிழை நேர்ந்ததற்கான அறிகுறி எதுவும் இல்லை. முதுகில் போடும் ஊசி, கால்களை மரத்துப்போகச் செய்வதோடு சிறுநீர்ப்பைக்குச் செல்லும் நரம்புகளையும் சில மணி நேரம் உறங்க வைத்துவிடுகிறது. அந்த நேரத்தில் ரத்தக்குழாய் வழியே ஏற்றும் சலைன் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டே இருக்க, நிரம்பியது நோயாளிக்குத் தெரிவதில்லை. வழக்கமாக 400 முதல் 500 மில்லி கொள்ளும் பை அளவுக்கு மீறி விரிந்துவிட்டால், மரப்பு தெளிந்த பிறகும் அதன் தசையால் சுருங்கி நீரைத் தள்ள முடியாது. வலிக்குக் கொடுக்கும் சில மருந்துகளும், சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்து, இந்த வயதில் பெரும்பாலான ஆண்களுக்கு வீங்கியிருக்கும் புராஸ்டேட் சுரப்பியும் சேர்ந்துகொண்டால் அடைப்பு முழுமையாகிவிடும்.

சொட்டுச் சொட்டாகப் போனது என்கிறீர்களே, அது நிரம்பிய குடம் வழிவதைப் போன்றது. சிறுநீர் போகிறது என்று வீட்டார் ஆறுதல் அடைவதும், இளநீர் கொடுப்பதும் இயல்புதான்; உங்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் வெளியேற வழியில்லாத பைக்குள் மேலும் நீரை ஊற்றுவதாகவே அது முடிந்தது. அனுப்புவதற்கு முன் அவர் எவ்வளவு கழித்தார் என்று அளந்து, மீதம் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை அது. 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வீட்டுக்குப் போக வேண்டிய முதியவருக்கு அதைச் செய்யாமல் விட்டது எனக்கு வருத்தமளிக்கிறது.

அவரிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அறுவைக்கு முன்பே இரவில் மூன்று நான்கு முறை எழுந்தாரா? முக்கினால்தான் சிறுநீர் வந்ததா? ‘வயசானா அப்படித்தான்’ என்று ஆண்கள் இதை வெளியே சொல்வதில்லை. அப்படி முக்குவது வயிற்றின் அழுத்தத்தைக் கூட்டிக் குடலிறக்கத்தையும் வளர்க்கும். எனவே இடப்பக்க அறுவைக்கு நாள் குறிக்கும் முன் சிறுநீரகவியல் மருத்துவரிடம் புராஸ்டேட்டைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். சிறுநீர் வழியைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. அதனால் எழும்போது தலைசுற்றல் வரலாம் என்பதால், படுக்கையில் சற்று உட்கார்ந்த பிறகே எழ வேண்டும். பின்னாளில் கண்புரை அறுவை செய்ய நேர்ந்தால் கண் மருத்துவரிடமும் இம்மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

ஒருமுறை அடைத்தவருக்கு மறுபடியும் அடைக்கக்கூடும். ஆனால் அதைப் பெருமளவு தடுக்கலாம். முன்பு நடந்ததை அறுவை மருத்துவரிடமும் மயக்க மருத்துவரிடமும் விவரமாகச் சொல்லுங்கள். இடுப்புக் குடலிறக்கத்தைத் திறந்த முறையில் சரிசெய்வதானால் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தும் செய்ய முடியும், அதில் இந்த அபாயம் குறைவு. மலச்சிக்கல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலைக் குளிருக்குச் சளி பிடித்தால் மூக்கடைப்பு மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்; சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும் மருந்து சிலவற்றில் உண்டு. அறுவை முடிந்து ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் வராவிட்டால், அல்லது அதற்கு முன்பே அடிவயிறு உப்பினால், செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். தாராளமாகச் சிறுநீர் கழித்த பின்பும், முதல் இரவை மலையேறாமல் சேலத்திலேயே உறவினர் வீட்டில் கழிக்க முடியுமானால் அப்படியே செய்யுங்கள்.