சாயம் பூசிய வானம் – கடிதம்

வணக்கம் ஐயா,

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி படமெடுத்த கேரினா நெபுலா என்ற விண்மேகத்தைப் பள்ளிக் கண்காட்சிக்காக சார்ட்டில் வரைந்தாள். பார்க்க வந்த ஒருவர், "இந்தக் கலரெல்லாம் கம்ப்யூட்டர்ல பூசினது பாப்பா, சும்மா ஏமாத்து" என்றார். பக்கத்திலிருந்த எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கிழித்துப் போட்டுவிட்டாள். அவர் சொன்னது உண்மையா? இதற்கு இத்தனை கோடி செலவு தேவையா? தமிழில் நல்ல வானியல் புத்தகம் எது?

ஒரு வாசகர், திருநகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

புத்தகத்தை அப்புறம் பார்க்கலாம். கோடிகளுக்கு ஒரு வரி போதும்: 1876-78இன் தாது வருஷப் பஞ்சத்தில் நம் சனம் செத்து விழுந்த பிறகு, மழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று தேடியதும் கோடைக்கானலில் சூரிய ஆய்வுக்கூடம் வந்ததற்கு ஒரு காரணம்.

என் கோபம் உங்கள் மேல்தான். தெரியாவிட்டால், "கேட்டுச் சொல்கிறேன்" என்றாவது வாயைத் திறந்திருக்கலாமே! அப்பா பேசாமல் நின்றால், ஒப்புக்கொண்டுவிட்டார் என்றுதானே பிள்ளை நினைக்கும்?

சில நாட்களாக அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைப் பார்க்கும்போதெல்லாம் நெபுலா நினைப்புத்தான். கீழவாசல் பக்கம் நாங்கள் குடியிருந்த வளவில் ஒரு சௌராஷ்டிரப் பாட்டி இருந்தார். மத்தியானம் திண்ணையில் வெள்ளைத் துணியை முழங்காலில் போட்டுக்கொள்வார். நகத்தால் கடுகளவு துணியைக் கிள்ளி எடுத்து, நூலைச் சுற்றி இறுக்குவார். கை பாட்டுக்கு ஓடும், கண் தெருவில் இருக்கும். சாயத்தில் முக்கிக் காயவைத்தால் துணி பாகற்காய் வத்தல் மாதிரி சுருண்டு கிடக்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுப்பார்கள். படபடவென்று முடிச்சுகள் தெறிக்க, சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள் விரியும். அதுவரை அவை நூலுக்குள் ஒளிந்திருந்தன என்பது சிறுவனான எனக்குப் பெரிய அதிசயம்.

நெபுலாவிலும் முடிச்சுதான் நடக்கிறது. குளிர்ந்த வாயுவும் தூசும் தன் ஈர்ப்பாலேயே சுருங்கி இறுகுகின்றன. இறுக இறுகச் சூடேறி, மையம் ஒரு கோடி டிகிரியை எட்டும்போது ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணையத் தொடங்குகின்றன. பிறக்கும் நட்சத்திரத்தைத் தூசு மூடியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளி அதில் முட்டி நின்றுவிடும், அகச்சிவப்பு ஒளி ஊடுருவி வந்துவிடும். வெப் பிடிப்பது அதைத்தான்.

அகச்சிவப்பு நம் கண்ணுக்கு எட்டாது. அதனால் நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம் என்று வரிசை மாறாமல் நிறம் கொடுத்தார்கள். பூசினது நிஜம்தான். அதை ஏமாற்று என்றால், ஐந்து கட்டையில் பாடும் மோகனத்தை ஒரு கட்டையில் பாடுகிறவரும் ஏமாற்றுக்காரரா? ராகம் எங்கே போயிற்று? உங்கள் மகள் வரைந்த ஒவ்வொரு மேடும் அங்கே இருக்கிறது, 7,600 ஒளியாண்டுத் தொலைவில். அதாவது, ஒளியே இங்கு வந்து சேர 7,600 வருடம் ஆகும். அந்த ஒளி கிளம்பியபோது, கீழடியில் முதல் செங்கல் வைக்க இன்னும் ஐயாயிரம் வருடம் இருந்தது.

தை பிறந்ததும் இரவு எட்டு மணிக்கு அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போங்கள். கிழக்கே வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் நிற்கும். அவற்றுக்குத் தெற்கே மங்கலாக ஒரு புகை தெரியும். ஓரியன் நெபுலா. அதற்கு யாரும் சாயம் பூசவில்லை.

கிழித்ததை ஒட்ட வேண்டாம், புது சார்ட் வாங்கிக் கொடுங்கள். கீழே ஓரத்தில், "அகச்சிவப்பு ஒளியில் எடுத்தது, நிறம் பிறகு கொடுத்தது" என்று அவள் கையாலேயே எழுதட்டும்.