இரு தளங்கள் ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுத்தால் கூகுள் அவற்றைத் தேடல் வரிசையில் பின்தள்ளித் தண்டிக்குமா?

அதற்காக மட்டும் தண்டிக்காது. ஒரே துறையில் எழுதுவோர் ஒருவரையொருவர் சுட்டுவது இயல்புதான். கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்கே பிரினும் 1998இல் விவரித்த, பக்கங்களை வரிசைப்படுத்தும் பேஜ்ரேங்க் முறை, ஒவ்வோர் இணைப்பையும் பரிந்துரையாகக் கொண்டு, பரிந்துரைக்கும் பக்கத்தின் மதிப்பையும் சேர்த்து எடைபோட்டதால், ‘நீ எனக்கு, நான் உனக்கு’ என்ற மொய்க்கணக்கு இணையத்திலும் பெருகியது. ஆகவே, தரவரிசையை உயர்த்துவதற்காகவே அளவுமீறி இணைப்புகளை மாற்றிக்கொள்வதையும், அதற்கென்றே ‘கூட்டாளிகள்’ பக்கம் அமைப்பதையும் கூகுளின் ஸ்பேம் கொள்கை வெளிப்படையாகவே தடுக்கிறது.

2012இல் வந்த, செயற்கை இணைப்புகளைக் கண்டறியும் பென்குயின் என்ற கூகுள் நெறிமுறை இத்தகைய தளங்களைப் பின்னுக்குத் தள்ளியது. 2016இல் அது கூகுளின் மையத் தரவரிசை நெறிமுறையில் சேர்ந்தபின், பெரும்பாலும் அவ்விணைப்புகளின் மதிப்பை நீக்குவதோடு நின்றுவிடுகிறது. (கூகுள் பணியாளர்கள் நேரில் ஆராய்ந்து எடுக்கும் நடவடிக்கை வேறு, அது கடுமையானது.) வணிக உடன்பாட்டின்பேரில் இணைப்புக் கொடுப்பதாயின், ‘இதைப் பரிந்துரையாகக் கொள்ளாதே’ என்று தேடுபொறிக்கு உணர்த்தும், 2005இல் அறிமுகமான நோஃபாலோ (nofollow) குறியையோ, விளம்பர இணைப்பு என்று காட்டும், 2019இல் வந்த ஸ்பான்சர்டு (sponsored) குறியையோ அதில் சேர்த்துவிடுவதே முறை.